ராட்டினம் வரைக்கும் வழி வேண்டும்



கோடை விடுமுறை வருகிறது. பிள்ளைகள் தீம் பார்க் கேட்டு நச்சரிக்கும் காலம். இந்தத் தலைப்பில் பேசப் போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் மடக்கினார்: "மாற்றுத்திறனாளிகள் வேலைக்கும் பேருந்துக்குமே போராடிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் ராட்டினத்தைப் பற்றிப் பேசப் போகிறீர்களா?"

ஆமாம், பேசத்தான் போகிறேன். குடும்பமே மேலே சுற்றிக்கொண்டிருக்க, ஒரு பிள்ளை மட்டும் கீழே சக்கர நாற்காலியில், தம்பியின் செருப்பையும் அம்மாவின் கைப்பையையும் மடியில் வைத்துக் காவல் காக்கிறதே, அந்தப் பிள்ளையிடம் போய் இது சின்ன விஷயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில், சான் அன்டோனியோ என்றொரு நகரம். அங்கே வீடு கட்டி விற்கும் தொழில் செய்தவர் கார்டன் ஹார்ட்மன். அவர் மகள் மார்கன் மாற்றுத்திறனாளி. ஒரு விடுமுறையில், நீச்சல் குளத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளோடு சேர்ந்துகொள்ள அந்தப் பெண் ஆசையாகப் போனாள். அவர்கள் விலகிப் போய்விட்டார்கள். அந்தப் பிள்ளைகளைத் திட்டுவது சுலபம். எப்படிப் பழகுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தகப்பன் யாரையும் திட்டவில்லை. பழைய கல்குவாரி இருந்த இடத்தில், 25 ஏக்கரில் ஒரு பூங்கா கட்டினார். 2010-இல் திறந்தார். பெயர் மார்கன்ஸ் வொண்டர்லேண்ட். மாற்றுத்திறனாளிகளுக்கு அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது.

இலவசம் என்றதும் கை தட்டுகிறீர்கள். தட்டுங்கள். ஆனால் எனக்கு அதில் பெரிய வியப்பு இல்லை. சலுகை விலை டிக்கெட் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். உள்ளே ஏற ஒன்றுமில்லை என்றால் அந்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எனக்கு வியப்பு அங்குள்ள குடைராட்டினம்தான். சக்கர நாற்காலியிலிருந்து யாரையும் தூக்கி இறக்க வேண்டாம். நாற்காலியோடு உருட்டிக்கொண்டு போய் ஏறலாம். சுற்றும்போது பக்கத்துக் குதிரை எழும்பித் தாழ்ந்தால் நாற்காலி நிற்கும் மேடையும் எழும்பித் தாழும். இந்த மேடையை அசையாமல் விட்டிருந்தாலும் ஒருவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் ஏறி இறங்குவதில்தானே ஐயா குதிரைச் சவாரியின் சுகம் இருக்கிறது!

2017-இல் பக்கத்திலேயே நீர்ப்பூங்கா வந்தது. மின்கல சக்கர நாற்காலி தண்ணீரில் நனைந்தால் கெட்டுப்போகும். அதனால் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் அழுத்தக் காற்றில் ஓடும் நாற்காலியை உருவாக்கித் தந்தார்கள். மின்கலமே கிடையாது, சில நிமிடங்களில் காற்றை நிரப்பிக்கொண்டு நீரூற்றுக்குள் போகலாம். குளிர்ந்த நீர் பட்டால் தசை இறுகும் பிள்ளைகளுக்காகத் தண்ணீரை வெதுவெதுப்பாக்கவும் வசதி வைத்தார்கள். இன்னொன்று: அங்கே வருபவர்களில் பெரும்பாலோர் மாற்றுத்திறனாளிகள் அல்லர். அதுதான் சரி. தனியாக ஒதுக்கி வைக்கும் பூங்காவா நாம் கேட்கிறோம்?

இதெல்லாம் ஒரு தகப்பனின் பாசம் என்று சொல்லி நகர்ந்துவிடக் கூடாது. அந்த நாட்டில் சட்டமும் இருக்கிறது. 2010-ஆம் ஆண்டு விதிகளின்படி, புதிதாக அமைக்கும் விளையாட்டுச் சாதனத்தில் பொதுவாக மூன்றில் ஒன்று வேண்டும்: சக்கர நாற்காலியோடு ஏற இடம், அல்லது நாற்காலியிலிருந்து மாறி உட்கார ஏற்ற இருக்கை, அல்லது மாற்றிவிடும் கருவி. அந்த இருக்கை எவ்வளவு உயரம் என்றுகூட எழுதிவைத்திருக்கிறார்கள், ஏறும் தளத்திலிருந்து 14 முதல் 24 அங்குலத்துக்குள். அங்குலக் கணக்கில் எழுதினால்தான் எந்த உரிமையும் நடைமுறைக்கு வரும்.

அங்கே எல்லாம் தேனும் பாலுமா? இல்லை. டிஸ்னி பூங்காக்களில், நெடுநேரம் வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு ஓர் ஏற்பாடு இருந்தது. வசதி படைத்த சிலர் கூலிக்கு மாற்றுத்திறனாளி ஒருவரை அமர்த்திக்கொண்டு வரிசையைத் தாண்டினார்கள் என்று செய்தி வந்தது. 2013-இல் முறையை மாற்றினார்கள். 2024-இல் இன்னும் இறுக்கி, ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களை முக்கியமாக வைத்து வரம்பு கட்டினார்கள். ஏமாற்றியது யாரோ, வாசலில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பது உண்மையிலேயே நிற்க முடியாதவர்.

நம்மவர்களும் சளைத்தவர்கள் இல்லை. 2022 நவம்பரில் மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் கடலருகே போக மரப்பாதை திறந்தார்கள். நல்ல காரியம், மனமாரப் பாராட்டுகிறேன். பிறகு என்ன நடந்தது? கைகால் திடமாக உள்ள கூட்டமெல்லாம் அதில் ஏறிக்கொண்டது. டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்து ஒரு பகுதியை உடைத்தது. புயல் உடைத்ததை அரசு செப்பனிட்டது. கூட்டத்தை யார் செப்பனிடுவது?

தனியார் பூங்காவைச் சட்டம் என்ன செய்யும் என்று கேட்பீர்கள். நம் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். பொதுக் கட்டடம் என்றால் அரசுக் கட்டடம் மட்டுமல்ல, மக்கள் பொழுதுபோக்கப் போகும் தனியார் இடமும்தான் என்று விளக்கத்திலேயே இருக்கிறது. 2024 நவம்பரில், ராஜீவ் ராத்தூரி வழக்கில், அணுகல் வசதி என்பது பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ராத்தூரி பார்வைக் குறைபாடு உள்ளவர். வழக்குப் போட்டது 2005-இல்.

பூங்கா நடத்துவோர் பாதுகாப்பைக் காரணம் சொல்வார்கள். அதில் நியாயமும் உண்டு. மின்சாரம் நின்று பாதியில் தொங்கினால் எப்படி இறக்குவது என்ற கவலை மெய்யான கவலை. அப்படியானால் முன்கூட்டியே சொல்லுங்கள். எந்தச் சாதனத்தில் கைப்பிடியைப் பிடிக்கும் பலம் வேண்டும், எதில் நாற்காலியிலிருந்து மாறி உட்கார வேண்டும், எதில் இரைச்சலும் பளிச்சிடும் விளக்கும் அதிகம் என்று ஒரு தாளில் தமிழில் அச்சடித்துக் கவுன்ட்டரில் வையுங்கள். அதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். இரண்டு மணி நேரம் வெயிலில் நின்று மேடை வரை வந்த பிள்ளையிடம் "நீ ஏறக்கூடாது" என்பதுதான் கொடுமை.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். இந்தக் கோடையில் டிக்கெட் எடுக்கும் முன் கவுன்ட்டரில் கேளுங்கள்: சக்கர நாற்காலியில் வருபவர் இங்கே எவற்றில் ஏறலாம்? அகலமான கழிவறை எங்கே? வரிசையில் நிற்க முடியாதவருக்கு என்ன ஏற்பாடு? பதில் இல்லை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு ஒரு கடிதம் போடுங்கள். அதை எழுத உங்கள் வீட்டில் ஒரு சக்கர நாற்காலி இருக்க வேண்டிய அவசியமில்லை.