சொல்லுக்கு அருகில் படம்

(ஆசிரியர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செம்பருத்திப் பூவின் படத்தில் சூலகத்துக்கு 'இ' என்று குறியிட்டிருக்கிறோம். வினாவிலோ 'ஈ எனக் குறிக்கப்பட்ட பகுதி எது?' என்று தட்டச்சாகிவிடுகிறது. வினா ஒரு சாளரத்திலும் படம் வேறொன்றிலும் இருந்தால் இந்தப் பிசகு எளிதில் நேரும். மதிப்பெண் இழப்பதோ குழந்தை. எழுதும் வரிக்குக் கீழேயே படம் தெரிந்தால், உடனே ஒப்பிட்டுத் திருத்திவிடலாம்.

சொற்செயலியில் படத்தை ஒட்டலாமே என்று கேட்பீர்கள். ஒட்டலாம். ஆனால் பாடக்குறிப்பு, பயிற்சித்தாள், வினாத்தாள் மூன்றிலும் ஒட்டிய பிறகு ஒரு குறியை மாற்ற நேர்ந்தால், மூன்றையும் திறந்து மாற்ற வேண்டும்.

ஈமாக்ஸ் என்ற உரைத்தொகுப்பியில் வழி வேறு. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985இல் வெளியிட்ட குனூ ஈமாக்ஸ் ஒரு கட்டற்ற மென்பொருள்; கட்டணம் இல்லை. லிஸ்ப் மொழியில் கட்டளை எழுதி நம் தேவைக்கேற்ப அதை மாற்றிக்கொள்ளலாம். 2001இல் வந்த 21ஆம் பதிப்பு முதல் எழுத்துகளுக்கு நடுவே படத்தையும் காட்டுகிறது.

அதிலுள்ள ஆர்க் மோட் நமக்கு ஏற்றது. இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் ஆங்கிலத்தில் 'ஃபைல்' என்ற சொல், முக்காற்புள்ளி, படக்கோப்பின் பெயர் ஆகியவற்றை இடைவெளியின்றி எழுதுங்கள். பிறகு கண்ட்ரோல் விசையை அழுத்தியபடியே சி, எக்ஸ், வி என்று வரிசையாகத் தட்டினால் அந்த இடத்தில் படம் தோன்றும். மறுபடி தட்டினால் மறையும். இணைப்புக்கு விளக்கச் சொல் சேர்த்தால் படம் வராது. விளக்கத்தை அடுத்த வரியில் எழுதுங்கள். படம் பெரிதாக இருந்தால், அகலம் 400 பிக்சல் என்று அமைப்புக் கோப்பில் ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

கோப்புக்குள் இருப்பது படத்தின் பெயர் மட்டுமே. எனவே கோப்பு சிறியது. எந்த உரைத்தொகுப்பியிலும் திறக்கும். மூலப்படத்தை ஒருமுறை திருத்திச் சேமித்தால், அதைச் சுட்டும் மூன்று தாள்களிலும் திருத்திய படமே வரும். அச்சிட, எச்டிஎம்எல் ஆக ஏற்றுமதி செய்து உலாவியில் திறக்கலாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. பென்டிரைவில் எடுத்துச் செல்லும்போது பாடக்கோப்பையும் படங்களையும் ஒரே கோப்புறையில் வைத்து முழுவதுமாக நகலெடுங்கள். பாடக்கோப்பு மட்டும் போனால் அங்கே பெயர் இருக்கும், படம் இருக்காது.

அடுத்த வினாத்தாளில் ஒரே ஒரு படவினாவை இப்படி எழுதிப் பாருங்கள். குறியும் கேள்வியும் பொருந்துகின்றனவா என்று நாம் பார்க்கும் அந்த ஒரு நொடி, தேர்வறையில் குழந்தையின் குழப்பத்தைத் தவிர்க்கும்.