தந்த வைத்தியமும் சர்க்கார் பதிவேடும்

(கள்ளக்குறிச்சியில் நம் சங்கத்தார் குடும்ப சமேதராய்க் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று இச்சபையில் ஏதேனும் பேசும்படி சங்கத்தார் நம்மைப் பணித்தபொழுது, பொருள் இன்னதென்று குறித்தாரில்லை. ஆதலின் நாமே ஒன்றைத் தெரிந்துகொண்டோம். அதற்குக் காரணமாயிருந்தது சென்ற மாதம் நம் வீட்டுத் திண்ணையில் நடந்த ஒரு சம்பாஷணை.

நம் தம்பி முறையார் ஒருவருடைய புதல்வர் வந்திருந்தார். பெயர் வேண்டுவதில்லை, அவரும் இங்கே வந்து அமர்ந்திருக்கிறார். வெளியூரில் ஒரு பல் கட்டும் கடையில் இரண்டாண்டு உதவியாளாய் இருந்தவர். "பெரியப்பா, தாத்தாவுடைய குறடு பரண்மேல் இருக்கிறதாமே, அதைக் கொடுங்கள். கல்வராயன் மலைமேல் சந்தை கூடுகிற நாட்களில் ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். அங்கே பல் பார்க்க ஆளில்லை. நாம் செய்துவந்த தொழில்தானே!" என்றார்.

நாம் செய்துவந்த தொழில் என்பது மெய்யே. அதை மறைக்கவேண்டியதுமில்லை, அதற்காக நாணவேண்டியதுமில்லை. கட்டி கீறுதல், புண் கட்டுதல், பல் பிடுங்குதல் ஆகிய ரண வைத்தியம் நம் ஆடவர் கையிலும், பிரசவம் பார்த்தல் நம் பெண்டிர் கையிலும் இருந்தன. நம்மூரில் மாத்திரமா இப்படி? இங்கிலாந்து தேசத்திலும் க்ஷவரம் செய்வோரும் ரண வைத்தியரும் 1540ஆம் ஆண்டு முதல் 1745ஆம் ஆண்டு வரையில் ஒரே சங்கத்தாராய் இருந்தனர். அங்கே அவ்விருவரும் பிரிந்தபின் ரண வைத்தியர்க்குப் பட்டமும் மதிப்பும் வந்தன. இங்கே நம்மவர்க்கு வந்தது யாதென்று நீங்களே அறிவீர்கள். 1914ஆம் ஆண்டின் சென்னை வைத்தியப் பதிவுச் சட்டம் மேனாட்டு முறை கற்றாரையே தன் ஏட்டில் ஏற்றுக்கொண்டது. தலைமுறை தலைமுறையாய்க் கண்டும் செய்தும் கற்றவர் அவ்வேட்டிற்கு வெளியே நின்றனர்.

பல் வைத்தியத்தின் கதை சிறிது வேறு. அதைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம்; ஏனெனில் அதில் நமக்கென ஒரு கதவு திறந்திருந்தது.

இந்தியாவில் முதல் பல் வைத்தியக் கல்லூரியை டாக்டர் ரபியுத்தீன் அகமத் என்பார் 1920ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தொடங்கினார். வங்காளத்தில் 1939ஆம் ஆண்டு ஒரு சட்டம் பிறந்தது. பின்னர், தேசம் சுதந்தரம் பெற்ற மறு ஆண்டில், 1948 மார்ச்சு 29ஆம் நாள், தேசமனைத்திற்கும் உரியதாய்ப் பல் வைத்தியர் சட்டம் வந்தது. அதன்படி 1949ஆம் ஆண்டில் இந்தியப் பல் வைத்தியக் கவுன்சில் ஏற்பட்டது. ஒவ்வொரு மாகாணமும் பல் வைத்தியர் பதிவேடு ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டுமென்றும் ஆயிற்று. அவ்வேட்டிற்கு இரண்டு பகுதிகள். முதற்பகுதியில் அங்கீகாரம் பெற்ற பட்டதாரிகள். இரண்டாம் பகுதியில், பட்டம் இல்லாவிடினும், குறித்த தேதிக்கு முன் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் பல் வைத்தியத்தையே முக்கிய ஜீவனமாய்க் கொண்டிருந்தவர்கள்.

இது புதிதாய்ச் செய்த தர்மமன்று. பிரிட்டனில் 1921ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வாறே பழந்தொழிலாளரை ஏட்டில் ஏற்றிக்கொண்டு, பிறகே கதவைச் சாத்தியது. கையில் பிழைப்புள்ளவனைத் தெருவில் நிறுத்தாமல், இனி வருபவன் கற்றே வரவேண்டும் என்று விதிப்பது நியாயமான வழியேயாம்.

நம் பாட்டனார் கச்சிராயபாளையம் பக்கத்திலும் மலையடிவாரத்துச் சந்தைகளிலும் பல ஆண்டுகள் பல் பிடுங்கியவர். இரண்டாம் பகுதியில் பெயர் எழுதிக்கொள்ள அவருக்கு உரிமை இருந்திருக்கலாம். அவர் எழுதிக்கொள்ளவில்லை. அப்படி ஒரு கதவு திறந்திருந்ததே அவர் செவிக்கு எட்டவில்லை. எட்டியிருந்தாலும் விண்ணப்பம் எழுதித் தருவார் யார்? சட்டம் நம்மை வெறுத்துத் தள்ளிற்று என்று நம்மவருள் சிலர் பேசக் கேட்டிருக்கிறோம். இவ்விஷயத்தில் அது சரியன்று. செய்தி வந்து சேரவில்லை. சேர்ப்பிக்கும் சங்கமும் அன்று நம் பக்கத்தில் இல்லை. இதை நாம் நினைக்குந்தோறும் வருந்துகிறோம்.

இனித் தம்பியின் வாதத்திற்கு வருவோம். அவர் வெறுங்கையோடு வரவில்லை. கைப்பேசியில் சட்டத்தையே எடுத்துக் காட்டினார். பதிவு பெறாதார் பல் வைத்தியம் செய்யலாகாது என்னும் 49ஆம் பிரிவிற்கு ஒரு விலக்கு உண்டு. அவசரமான சமயத்தில், பதிவு பெற்ற பல் வைத்தியர் கிடைக்காதவிடத்து, எவரும் ஒரு பல்லைப் பிடுங்கலாம். ஆனால் மயக்க மருந்தோ, ஈறு மரத்துப்போவதற்கான ஊசியோ போடாமல் செய்தல் வேண்டும். "மலைமேல் எவர் இருக்கிறார்? வலியைவிட அவசரம் ஏது?" என்று கேட்டார்.

கெட்டிக்காரத்தனமான கேள்விதான். நாமும் உடனே விடை சொல்ல இயலாமல் சற்று விழித்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அவ்விலக்கு யாருக்காக எழுதப்பட்டது? நள்ளிரவில், மழையில், பாதை அறுந்த மலையூரில், ஆடிக்கொண்டிருக்கும் பல்லொன்றால் துடிக்கும் ஒருவனுக்கு அண்டை வீட்டான் செய்யும் உபகாரம் குற்றமாகிவிடக்கூடாதென்று எழுதப்பட்டது. வாரந்தோறும் குறித்த நாளில், குறித்த இடத்தில், பலகை தொங்கவிட்டுக் கூலி வாங்கிச் செய்வது அவசரமாகாது, அது தொழில். மேலும் ஊசி போடக்கூடாதென்பது விலக்கின் உயிர்நாடி. அவரோ மரத்துப்போகும் ஊசி போடத் தமக்குத் தெரியுமென்று அதையே பெருமையாய்ச் சொன்னார்! முதற் குற்றத்திற்கு அச்சட்டம் விதித்த அபராதம் 500 ரூபாய்க்கு மேற்படாது. மறுபடியும் செய்தால் ஆறு மாதம் வரையில் சிறையும் உண்டு. 500 ரூபாய் 1948இல் பெருந்தொகை. இன்று சந்தையில் ஒருநாள் வரும்படியாகவும் இருக்கலாம். ஆகையால் அபராதத்தைச் சொல்லி அவரை அச்சுறுத்த நாம் முயலவில்லை.

வாயைப் பற்றியே பேசினோம். பல் பிடுங்குவது கைவலிமை என்று நினைக்கிறோம். எந்தப் பல்லைப் பிடுங்கக்கூடாது என்று அறிவதே வித்தை. ஆடுகின்ற பல்லெல்லாம் சொத்தையால் ஆடுவதன்று. புகையிலை அடக்கும் வாயில், அடியிலிருக்கும் புற்றுநோய் எலும்பைத் தின்பதால் பல் ஆடுவதுண்டு. அதைப் பிடுங்கி அனுப்பிவிட்டால் நோயாளி குணமாயிற்று என்று வீடு செல்வான். காலம் கைநழுவிப் போகும். இரத்தம் உறையாதிருக்க இருதய நோய்க்கு மாத்திரை உண்பவர்க்குப் பல் பிடுங்கினால் குருதி எளிதில் நில்லாது. கீழ்க்கடைவாய்ப் பல்லின் சீழ் நாக்கின் அடியிலும் கழுத்திலும் இறங்கி மூச்சுக்குழலை அடைத்துக் கொல்லக்கூடும். ஒருவர் வாயிலிட்ட கருவியை வெந்நீரில் அலம்பி மற்றொருவர் வாயிலிட்டால் மஞ்சட்காமாலைக் கிருமி உடன் செல்லும். அதை அழிக்க அழுத்த நீராவியில் வேகவைக்கும் ஆட்டோகிளேவ் என்னும் பாத்திரம் வேண்டும். சந்தை நாற்காலியருகில் அதற்கு இடமேது?

நம் குடும்பத்திலேயே ஒன்று நடந்தது. நம் அத்தையார் ஒருவர் முன்பற்கள் இரண்டை இழந்திருந்தார். பதிவில்லாத ஒருவர் ஒரே மணி நேரத்தில், தானே இறுகும் அக்ரிலிக் மாவைக் குழைத்து, பக்கத்துப் பற்களோடு சேர்த்துப் பூசி, கழற்ற முடியாத பல் கட்டிவிட்டார். விலை மலிவு. முகம் பொலிவாயிற்று. நாமெல்லோரும் மெச்சினோம். ஆறு ஆண்டுகள் அதன் அடியில் சோறும் அழுக்கும் தங்கின. கடைசியில் பட்டம் பெற்ற வைத்தியர் அதை அறுத்தெடுத்தபொழுது, நலமாயிருந்த பக்கத்துப் பற்கள் நான்கும் உடன் வந்துவிட்டன. அதற்குப்பின் அத்தையார் கூட்டத்தில் வாய்திறந்து சிரித்ததை நாம் கண்டதில்லை. கட்டியவர் நம்மவரே என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

பதிவு இருந்துவிட்டால் எல்லாம் க்ஷேமம் என்றும் எண்ணிவிடலாகாது. நமக்கு வடமேற்கே திருப்பத்தூர் ஜில்லா வாணியம்பாடியில் 2023ஆம் ஆண்டு நிகழ்ந்ததைக் கேளுங்கள். சந்தைக் கடையில் அன்று, பல் மருத்துவமனையென்று நடத்தப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்றவர்களுக்கு மெலியோய்டோசிஸ் என்னும் மண்ணுயிரி நோய் மூளையைத் தாக்கி, எட்டுப் பேர் மாண்டனர். ஆராய்ந்தவர்கள் கண்டது யாது? உப்பு நீர்ப் புட்டியைச் சுத்தமற்ற பல் கருவியால் திறந்ததும், திறந்த புட்டியையே மறுபடி மறுபடி பயன்படுத்தியதுமே. ஆகவே ஆளுக்குப் பதிவு வேண்டும். இடத்திற்கும் பரிசோதனை வேண்டும். இடத்திற்கானது 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிலையங்கள் ஒழுங்குமுறைச் சட்டம். வைத்தியரின் பதிவுச் சான்று சுவரில் தொங்குகிறதா என்று பாருங்கள். எண் தெரியாவிடில் கேளுங்கள். கேட்பதால் நல்ல வைத்தியர் கோபிக்கமாட்டார். தாய்மார்களே, கருவிகளை உறையிலிருந்து உங்கள் கண்முன் பிரிக்கிறார்களா என்றும் நோக்குங்கள். சந்தேகமாயின் சென்னையிலுள்ள தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலுக்கோ, ஜில்லாவின் மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்கோ எழுதலாம்.

இனி, தம்பி சொன்னதிலுள்ள உண்மைக்கும் விடை சொல்லவேண்டும். மலைமேல் ஆளில்லை என்பது அவர் முறைப்பாடு. பெரிய கல்வராயனும் சின்னக் கல்வராயனும் 1976ஆம் ஆண்டுவரை ஜாகீர்தார்கள் வசமிருந்த நிலம். சட்டமும் ஆஸ்பத்திரியும் அங்கே தாமதித்தே ஏறின. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி ஜில்லா ஆயிற்று. 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. எனினும் அரசு பல் மருத்துவக் கல்லூரி வேண்டின் சென்னைக்கோ, அண்ணாமலைநகருக்கோ, 2023இல் திறந்த புதுக்கோட்டைக்கோதான் நம் பிள்ளைகள் போகவேண்டும். 2024 ஜூனில் விஷச் சாராயத்தால் கருணாபுரத்தில் அத்தனை உயிர் போனபின் ஹைகோர்ட்டு முதற்கொண்டு எல்லோர் கண்ணும் மலைமேல் திரும்பிற்று. சாராயத்துக்காகத் திரும்பிய கண் பல்லுக்காக ஒருமுறை திரும்பலாகாதா? மலையாளிப் பழங்குடியாரின் வாய் நம் வாயினும் தாழ்ந்ததன்று. பட்டணத்தில் உள்ளவர்க்குப் பட்டதாரி, மலையில் உள்ளவர்க்குப் பாட்டன் குறடு என்பது எந்த நியாயம்? இதைச் சொன்னபொழுதுதான் தம்பி சிறிது மௌனமானார்.

அவருடைய ஜீவனத்திற்கு வழி என்ன என்றால், அதே சட்டத்திலேயே வழி உண்டு. பல் கட்டுவோர்க்குத் தனிப் பதிவேடு இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் விஞ்ஞானம் படித்தவர் இரண்டாண்டு பயின்று டெண்டல் மெக்கானிக் ஆகலாம். வைத்தியர் அளவெடுத்துத் தரப் பல் செய்து கொடுக்கலாம். பற்களைச் சுத்தஞ்செய்யும் ஹைஜீனிஸ்ட் என்போர்க்கும் அவ்வாறே பதிவுண்டு. கைத்திறம் நம் சொத்து. அதற்கு ஏற்ற தொழில் இவை. டெண்டல் மெக்கானிக் ஆனவர் நோயாளியின் வாயில் நேரே கைவைப்பது மாத்திரம் கூடாது.

இன்னும் மேலே போக விரும்புவோர்க்குப் பி.டி.எஸ். இருக்கிறது, பயிற்சிக் காலமும் சேர்த்து ஐந்தாண்டு. நம் குலம் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பதால் 20 விழுக்காட்டில் நமக்கும் இடமுண்டு. சர்க்கார் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 விழுக்காடு தனியே உண்டு. அது பல் மருத்துவத்துக்கும் பொருந்தும். நீட் என்னும் பரீட்சை கடினமே, மறுக்கவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்திற்கென்று 2023இல் பாராளுமன்றம் இயற்றிய தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம், படிப்பு முடிந்தபின் உரிமம் பெற மற்றுமொரு தேர்வையும் வகுத்திருக்கிறது. பெற்றோர் இதை இப்பொழுதே அறிந்துகொள்ளவேண்டும். முன்னொரு முறை திறந்திருந்த கதவு பாட்டனார் காதுக்கு எட்டாமற் போனதுபோல் இம்முறையும் ஆகிவிடக்கூடாதே என்பதுதான் நம் கவலை.

குறட்டை நாம் கொடுக்கவில்லை. தம்பியும் முழு மனத்தோடு உடன்பட்டுப் போனாரென்று சொல்லமாட்டோம். "அதுவரைக்கும் மலையில் வலிக்கிறவன் என்ன செய்வான், பெரியப்பா?" என்று வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனார். அக்கேள்விக்காக ஒரு மனு எழுதிக் கொணர்ந்திருக்கிறோம். வெள்ளிமலையில் குறித்த நாட்களில் பதிவு பெற்ற பல் வைத்தியர் ஒருவர் தவறாது வந்து பார்க்கவேண்டுமென்றும், அந்நாட்கள் இன்னவென்று சந்தைகளில் முன்கூட்டியே தமுக்கடித்துத் தெரிவிக்கவேண்டுமென்றும் கலெக்டரைக் கேட்கிறது அது. பிரதி எடுத்து எழுதியவர் அந்தத் தம்பியே. காரியதரிசியின் மேசைமேல் இருக்கிறது. போகுமுன் எல்லோரும் கையெழுத்திட்டுச் செல்வீர்களாக.