அம்மாக்கண்ணு பக்கத்துல யார் நின்னாங்க?

கடலூர் அஞ்சலை அம்மாள்னு சொன்னா, நம்ம வயசுல நிறைய பேருக்கு 2024 அக்டோபர்ல விக்கிரவாண்டி மாநாட்டுல வச்ச கட்-அவுட்தான் ஞாபகம் வரும். முதுநகர்ல பிறந்து, திண்ணைப் பள்ளியில அஞ்சாவது வரைக்கும் படிச்சவங்க. இன்னைக்கு நான் பேசப்போறது அவங்க பொண்ணு அம்மாக்கண்ணு பத்தி.

1927. சென்னை மவுண்ட் ரோட்டுல கர்னல் நீல் சிலை இருந்தது. 1857 கிளர்ச்சியை அடக்குறேன்னு வட இந்தியாவுல கொத்துக்கொத்தா மனுஷங்களைக் கொன்ன ஆள் அவர். சிலையை எடுக்கச் சொல்லி நடந்த போராட்டத்துக்கு அஞ்சலை அம்மாள் போறாங்க. கூடவே, ஒன்பது வயசு அம்மாக்கண்ணு. ரெண்டு பேரும் சிறைக்குப் போறாங்க. காந்தி அங்க வந்து அந்தப் பொண்ணைப் பார்க்குறார். அப்புறம் வார்தா ஆசிரமத்துக்குக் கூட்டிட்டுப் போய், லீலாவதின்னு பேர் வச்சு வளர்க்குறார். 'மூலதனம்' நூலைத் தமிழாக்கம் செஞ்ச ஜமதக்னி, பின்னாடி அவங்க கணவர் ஆனார். சிலையும் 1937ல ராஜாஜி ஆட்சியில அங்கிருந்து போயிடுச்சு.

ஒன்பது வயசுப் புள்ளையை ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போகலாமா? எனக்கு அதுல உடன்பாடு இல்ல. அந்த வயசுல அது அவளோட முடிவா, அம்மாவோட முடிவான்னு எப்படிப் பிரிக்கிறது? ஆனா ஒண்ணு சொல்லணும். "நீ போ, நான் பார்த்துக்கிறேன்"னு அம்மா வீட்டுல இருக்கல. அதே சிறைக் கம்பிக்குப் பின்னாடி அவங்களும் இருந்தாங்க. வெளிய வந்தப்புறமும், பாராட்டிட்டு விட்டுடாம அடுத்து எங்க வளரணும்னு யோசிக்க ஒரு பெரியவர் இருந்தார்.

நம்ம ஸ்கூலுக்கு வருவோம். பத்தாவது வந்துட்டா பி.டி. பீரியட் கணக்கு வாத்தியாருக்குப் போயிடும், அது தனி சோகம். அதைத் தாண்டி நடக்குறதைப் பாருங்க. என்.எஸ்.எஸ். ஆரம்பிச்சதே காந்தி நூற்றாண்டான 1969லதான். அதோட ஏழு நாள் முகாம் எவ்ளோ நல்ல வாய்ப்பு! எந்த ஊர், என்ன வேலை, சமையலுக்கு எவ்ளோ செலவுன்னு பசங்க முடிவெடுக்கலாம். பல இடத்துல எல்லாத்தையும் சார் முடிவு பண்ணிடுவார். பசங்க துடைப்பத்தோட போட்டோவுக்கு நிப்பாங்க. ஆண்டு விழாவுல மேடையேறுற பொண்ணு பேசுறதும் டீச்சர் எழுதிக் கொடுத்ததுதான். அப்புறம், "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுப்பே இல்ல"ம்பாங்க. குடுத்தாத்தானே இருக்கும்?

இதுக்கு நேர் எதிரா இன்னொண்ணும் நடக்கும். "நீங்களே பார்த்துக்கோங்க"ன்னு விட்டுட்டு, சொதப்பினதும் திட்டுறது. எங்க வேலையில ஜூனியர் முதல் தடவை புரொடக்‌ஷன்ல கை வைக்கும்போது சீனியர் பக்கத்துல உட்காருவார். கீபோர்டைப் பிடுங்க மாட்டார், எழுந்தும் போக மாட்டார்.

கேட்டுட்டு இருக்குற டீச்சர்ஸ், அண்ணன்மார், அக்காமார்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அடுத்த ஸ்போர்ட்ஸ் டேக்கு ஒரு ஒன்பதாம் கிளாஸ் குழுகிட்ட நிஜமான பணத்தையும் கணக்கு நோட்டையும் குடுங்க. கணக்கு இடிச்சா, கூட உட்கார்ந்து கூட்டிப் பாருங்க. எப்படிப் போச்சுன்னு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க.