ஃபேர்னா என்ன அர்த்தம்?

(தலைப்பு: 'அன்றாடப் பேச்சில் ஆங்கிலக் கலப்பு – அவசியமா? அபாயமா?' 'அபாயமே' அணியில் பேசியது.)



பஸ், பேங்க்னு சொல்றதால தமிழ் அழிஞ்சிடாதுன்னு எதிரணி நண்பர் சொன்னார். ஒத்துக்கறேன். பொருளுக்குப் பேரா வர்ற வார்த்தையால ஆபத்தில்லை. மனுஷனை எடை போட வர்ற வார்த்தைதான் ஆபத்து! ஒரே ஒரு வார்த்தையை எடுத்துக்கறேன். 'ஃபேர்'.

ரேஷன் கடைக்குத் தமிழ்ல 'நியாய விலைக் கடை', இங்கிலீஷ்ல 'ஃபேர் பிரைஸ் ஷாப்'. அங்கே ஃபேர்னா நியாயம். பிள்ளைங்க பையில ரஃப் நோட்டு, ஃபேர் நோட்டு. அங்கே ஃபேர்னா அடித்தல் திருத்தல் இல்லாதது. ஞாயித்துக்கிழமை பேப்பர்ல 'மணமகள் தேவை' பகுதியைப் பாருங்க. 'ஃபேர் கேர்ள்' கேக்குறாங்க. நியாயமான பொண்ணையா கேக்குறாங்க? (சிரிப்பு) நியாயம் பேசுற பொண்ணு வந்தா, முதல் கேள்வியே வரதட்சணையைப் பத்தித்தான் இருக்கும்! (கைதட்டல்)

நிறம் கொஞ்சம் கம்மின்னா 'வீட்டிஷ்'. கோதுமை நிறமாம்! மூணு வேளையும் சாப்பிடுறது அரிசி. கல்யாண விளம்பரத்துல மட்டும் கோதுமை! (சிரிப்பு)

பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு 'அழகு' என்பதுதான் பொருள். வெள்ளைத் தோலே அழகு என்று அந்த நாட்டார் நினைத்ததால், வெளிர் நிறமும் அதே சொல்லுக்குள் புகுந்தது. அவங்க ஊர்ப் பார்வையை, அர்த்தம் தெரியாமலே நாம இறக்குமதி பண்ணிட்டோம்.

1975-ல் 'ஃபேர் அண்ட் லவ்லி' க்ரீம் நம்ம நாட்டுக் கடைக்கு வந்தது. 2020-ல் அந்தக் கம்பெனியே 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'க்ளோ அண்ட் லவ்லி' என்று பெயரை மாற்றியது. ட்யூப்ல இருந்து போன வார்த்தை, நம்ம வாயில இருந்து போகலையே!

நான் பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் பாடம் எடுக்கறவ. எதிர்ச்சொல் நடத்தும்போது 'ஃபேர்'க்கு எதிர்ச்சொல் 'அன்ஃபேர்'னு போர்டுல எழுதினேன். ஒன்பதாம் வகுப்புப் பொண்ணு ஒருத்தி எழுந்து, "அப்ப நான் அன்ஃபேரா டீச்சர்?"னு கேட்டா. வகுப்பே சிரிச்சுது. அவ சிரிக்கலை.

"நீ அன்ஃபேர் இல்லம்மா. உன் நிறத்தை வச்சு உன்னை எடை போடுறாங்க பாரு, அதுக்குப் பேருதான் அன்ஃபேர்"னு சொன்னேன். (பலத்த கைதட்டல்)

நடுவர் மணியைத் தொடுறார், முடிச்சுக்கறேன். 'கருப்பா இருக்கற பொண்ணு வேண்டாம்'னு தமிழ்ல விளம்பரம் எழுதச் சொன்னா நமக்குக் கை கூசும். கருப்பசாமியைக் கும்பிட்ட கை ஆச்சே! இங்கிலீஷ்ல எழுதினா கூசறதில்லை. அந்தக் கூச்சத்தைக் கொல்ற மயக்க மருந்துதான் இந்த ஆங்கிலக் கலப்பு. அதனாலதான் அபாயம்னு சொல்றேன்.

தமிழ்ல சொல்லக் கூசுறதை எந்த மொழியிலும் சொல்லாதீங்க. அதுதான் ஃபேர்!

(கைதட்டல்)