வாடகைப் பொறியும் புதிய பைத்தானும்



ஊர்விட்டு வந்த நம்மில் பலர் வாடகை வீட்டில் வாழ்கின்றோம். சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்கும் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். கணினி நிரல் எழுதுவோரின் நிலையும் இன்று பெரிதும் இதுவே. நிரலைக் கொடுத்துவிட்டால், பொறிகளை வாங்குவதும் பேணுவதும் மேகக் கணிமை நிறுவனத்தின் பொறுப்பு. சுகமான ஏற்பாடுதான். ஆயினும், எந்த நிரல்மொழியின் எந்தப் பதிப்பு அங்கே ஓடும் என்பதையும் அந்நிறுவனமே தீர்மானிக்கின்றது.

கூகுளின் ஆப் எஞ்சின் 2008 ஏப்ரலில் வெளிவந்தபோது, பைத்தான் மொழியின் 2.5 பதிப்பு ஒன்றே அதில் ஓடிற்று. அவ்வாண்டு டிசம்பரிலேயே பைத்தான் 3 பிறந்துவிட்டது. எனினும் ஆப் எஞ்சினின் வழக்கமான சூழலில் அது இடம்பெற 2018 ஆயிற்று. இதற்குச் சோம்பலைக் காரணம் கூறுதல் முறையன்று. ஒருவர் நிரல் மற்றவர் இடத்தில் புகாவண்ணம் தடுக்க வேண்டி, நிரலைப் படித்து நடத்தும் பைத்தான் அமைப்பையே கூகுள் திருத்தி வைத்திருந்தது. கோப்பில் எழுதுதலும், சி மொழியில் அமைந்த துணைநூலகங்களைத் தாமே சேர்த்தலும் விலக்கப்பட்டிருந்தன. பின்னர் ஜிவைசர் என்னும் வேலியை மொழிக்கு வெளியே அமைத்தனர். அதன்பின் பைத்தானைத் திருத்தாமலே ஓட்ட முடிந்தது.

புதிய பதிப்பு எதற்கு என்று கேட்கலாம். தமிழர்க்கு நெருங்கிய காரணம் ஒன்றுண்டு. யுடிஎஃப்-8 முறையில் எழுதிய 'தமிழ்' என்னும் சொல்லின் நீளத்தைப் பைத்தான் 2-இடம் கேட்டால், பைட்டுகளை எண்ணி 15 என்னும். பைத்தான் 3, யூனிகோடு குறிகளை எண்ணி 5 என்னும். மூன்றெழுத்தென்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆயினும் 15-க்கு 5 மேல் அல்லவா? மற்றொன்று, 2020 ஜனவரி 1-உடன் பைத்தான் 2-க்கான ஆதரவு நின்றது. அதன்பின் காணப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அம்மொழியை ஆக்கியோர் அடைப்பதில்லை.

குடிபெயர்தல் எளிதாக இருக்கவில்லை. பழைய சூழலோடு கூடவே கிடைத்த தற்காலிக நினைவகம், பணிவரிசை போன்ற வசதிகள் புதிய சூழலில் தொடக்கத்தில் இல்லை. பதிப்பு எண்ணை மாற்றினால் போதும் என்றிருந்தோர், நிரலையும் மாற்றி எழுத வேண்டியதாயிற்று.

பதிப்பைத் தாமே தேர்ந்துகொள்ள விரும்புவோர்க்குக் கொள்கலன் என்னும் வழி உண்டு. 2013-இல் வந்த டாக்கர் இதனைப் பரப்பியது. மொழியையும் துணைநூலகங்களையும் நிரலோடு ஒரே பெட்டியில் கட்டி அனுப்பலாம். கூகுளின் கிளவுட் ரன் அதனை ஏற்று ஓட்டும். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் பைத்தானில் ஓட்டை காணப்பட்டால், பெட்டியைப் புதிதாகக் கட்டி அனுப்ப வேண்டியவர் அதனை அனுப்பியவரே.