பெட்டி நிறையத் துணி எதற்கு?
(சோழவந்தானில் பேசியது)

கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக் கூலி வாங்குகிறவர்கள் திருவிழாவுக்குக் கடன்பட்டுப் பட்டெடுப்பானேன் என்று கேட்கிறோம். பட்டு இரண்டு நாள் உடம்பில். மீதி நாளெல்லாம் பெட்டியில். வட்டியோ தினமும் தலையில்!

காந்தியார் 1921 செப்டம்பர் 22-ல் மதுரையில் முழத்துண்டுக்கு மாறினார். அவ்வளவு தூரம் போக நாம் சொல்லவில்லை. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேல்துணி போடவே அடிபட்டார்கள். 1859-ல்தான் உத்தரவு கிடைத்தது. ஆகவே மானமாய் உடுத்தவேண்டியதுதான். ஆனால் மானம் ஜரிகையில் இல்லை.

வேலைக்கு இரண்டு, வெளியே போக இரண்டு, கெட்டி நூல் உடுப்பு போதும். எதுவும் எதோடும் சேரும் நிறமாய் எடுங்கள். ஈரத்துணியால் தேய்த்துச் சாயம் பாருங்கள். பெண்களுக்கும் இதே கணக்குத்தான். மிஞ்சும் பணத்தில் பெண்பிள்ளைக்குப் புஸ்தகம் வாங்குங்கள். யோசித்து, சரியென்று பட்டால் செய்யுங்கள்.