அடைக்கலமும் அமானிதமும்



ஆடி அமாவாசையன்று அமிர்தகழி மாமாங்கேசுவரர் ஆலயத் தீர்த்தக் கரையில் ஒரு காட்சியைக் காணலாம். நீராட இறங்கும் ஒருவர் தம் பணப்பையைக் கரையில் இருப்பவரிடம் நீட்டி, "இதைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கோ" என்பார். முன்பின் அறிமுகமில்லை, எழுத்துமில்லை, சாட்சியுமில்லை. இவ்வாறு ஒப்படைக்கப்பெறும் பொருளுக்குத் தமிழில் அடைக்கலம் என்று பெயர்.

அடைதல் என்னும் வினைவழி வந்த இச்சொல்லுக்குப் புகலிடம் என்பதும் ஒரு பொருள். துன்புற்று வந்து சேர்ந்த மனிதரையும் நம்பி வைத்துப்போன நகையையும் ஒரே சொல்லால் குறித்தனர் நம் முன்னோர். அடைவு வேறு, அடைக்கலம் வேறு. அடைவு வைத்த நகை, கடன் கொடுத்தவரின் காப்புக்காக அவர் கையில் இருப்பது. அடைக்கலமோ உடையவரின் நன்மைக்காகவே இருப்பது. காப்பவருக்கு அதில் உரிமை இல்லை. பொறுப்பு மட்டுமே உண்டு.

அப்பொறுப்பின் கனத்தைச் சிலப்பதிகாரம் காட்டும். அதன் அடைக்கலக் காதையில் கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்குலத்து மாதரியிடம் ஒப்படைக்கிறார். கோவலன் கொலையுண்டான், கண்ணகி மதுரையை விட்டகன்றாள். மாதரி செய்த குற்றம் யாதொன்றுமில்லை. ஆயினும், அடைக்கலம் இழந்தேனே என்று அவள் தீப்புகுந்தாள். வைகாசித் திங்களில் செட்டிபாளையத்திலும் காரைதீவிலும் கண்ணகையம்மன் குளிர்த்திக்குத் திரளும் நாம், மாதரியையும் நினைத்தல் தகும்.

நம் முஸ்லிம் அயலவர் இதே பொருளை அமானிதம் என்பர். இது அரபு மொழியின் அமானத் என்னும் சொல்லின் தமிழ் வடிவம். இறைநம்பிக்கையைக் குறிக்கும் ஈமான், நம்பத்தக்கவர் எனப் பொருள்படும் அமீன் என்பனவும் இதே வேரின. 622 ஆம் ஆண்டில் மக்காவை விட்டு நீங்கிய நபிகள் நாயகம், தம்மிடம் பிறர் வைத்திருந்த பொருள்களை உரியவரிடம் சேர்ப்பிக்க அலியை அங்கே நிறுத்திச் சென்றார் என்பது இஸ்லாமிய மரபு. அப்பொருள்களுக்கு உரியவருள் அவரை எதிர்த்தவரும் இருந்தனர் என்பர்.

1978 நவம்பர் 23 ஆம் நாள் இரவு மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியபோது நான் சிறுவன். அன்று மாலை காத்தான்குடிப் புடைவை வியாபாரி ஒருவர், மழைக்கு அஞ்சித் தம் துணி மூட்டையை எங்கள் வீட்டில் வைத்துப் போயிருந்தார். கூரை பறந்ததும் அம்மா மரப்பெட்டியைத் திறந்து, தம் சேலைகளை வெளியே எறிந்துவிட்டு அம்மூட்டையை உள்ளே வைத்துப் பூட்டினார். சில நாள் கழித்து வந்த வியாபாரி, "தங்கச்சி, பிள்ளைகள் சுகமா?" என்றுதான் முதலில் கேட்டார். "சுகம் காக்கா. உங்கட அடைக்கலமும் நனையல்ல" என்றார் அம்மா. "அமானிதத்தைக் காத்தீங்க" என்று அவர் கண்கலங்கினார்.

பின்னர் வந்த போர்க்காலத்தில் இவ்விரு சமூகங்களுக்கிடையே கசப்பு மூண்டது. இரு பக்கத்திலும் உயிர்கள் மாய்ந்தன. 2009 இல் போர் முடிந்தும் அந்த ஐயம் முற்றாக நீங்கவில்லை. அவர்கள் ஊரில் நாம் அடைக்கலம். நம் ஊரில் அவர்கள் அமானிதம். சொற்கள் இரண்டாயினும் கடமை ஒன்றே.